எண்பத்தாறாம் ஆண்டுக்குரிய பக்கம்

லிண்டன்சைபன்,
வுப்பர்டாலுக்குக் கிழக்கே, ஜேர்மனி.
18.08.2024

அன்பு நண்பன் செல்வரட்ணத்துக்கு பேனாட் எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம். பிளோறன்ஸின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் படியேறுகிறாள். நீயும் நிருபமாவும் அங்கே அப்படியே சுகமாக இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன்.

புதுவருசத்துக்கு ஐந்து நிமிடம் தொலைபேசியில் கதைப்பதோடு சரி என்று இருக்கிற நாங்கள், கடிதம் எழுதி முப்பது வருசம் இருக்கும். உறையைக் கண்டதும் யாரோ செத்து மோசம் போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதோடு சேர்த்து நான் சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தொலைபேசி என்றால் நல்லதைச் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவேன். என்னைப்பற்றி எனக்குத் தெரியும்.

இந்த ஊருக்கு இந்த வருசம் எழுநூற்றைம்பது வயது. 1274இல் ஏதோ ஒரு மடத்துத் துறவிகள், லிண்டன்சைபன் ஆலைக்காரன் வருசாவருசம் இரண்டு பன்றி கொண்டுவந்து தரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் ஊரின் பெயர் வருகிற முதல் எழுத்து. அந்த இரண்டு பன்றிகளை வைத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இப்போது பெருவிழா எடுக்கிறோம். ஒக்டோபர் ஆறாம் திகதி, அறுவடை விழா ஞாயிறு. அன்றைக்கு ஊர்ச்சரித்திரம் ஒன்றும் புத்தகமாக வருகிறது.

புத்தக வேலைக்குத் தலைமை றோஸ்விதா. உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். மஞ்சள் சைக்கிளில் தபால் கொண்டுவந்தவள். வீட்டிலிருந்து நீல எயார்மெயில் வந்தால் றோட்டிலிருந்தே உயர்த்திக் காட்டுவாள், நாங்கள் பன்னிரண்டு பேரும் அகதி விடுதிப் படிகளில் விழுந்தடித்து ஓடுவோம். இப்போது எழுபத்தெட்டு வயது. செவ்வாய்க்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தில் பதினொரு பேர் கூடுவோம். நான் முப்பது வருசம் அந்தப் படையில் இருந்தவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால், நாற்பது வருசமாக இருக்கிற ஊரை இந்தப் பதினெட்டு மாதத்தில்தான் அறிந்தேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் நாடா நெய்கிற தறி இருந்ததாம். தறிச் சத்தம் நின்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் வந்து பார்ப்பார்களாம். பள்ளிக்கூடத்தை மூடிய வருசம் கடைசி ஆசிரியர் மணியைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அதைப்பற்றி ஊரில் இன்னும் சண்டை. பிறகு ஒன்று படித்தேன், அதை உனக்குச் சொல்லவேண்டும். நாங்கள் இருந்த விடுதி மேல்மாடியில் 1946இல் சிலேசியாவிலிருந்து ஓடிவந்த சனங்களை வைத்திருந்தார்கள். அந்த வருசம் வயலில் உருளைக்கிழங்கு களவு போனதற்கு அவர்கள்தான் காரணம் என்று ஊர் சொல்லியது. பிடித்துப் பார்த்தால் களவெடுத்தது ஊர்க்காரன் ஒருவன். றோஸ்விதா அந்த மாடியில் பிறந்த பிள்ளை. இத்தனை வருசத்தில் எனக்குச் சொல்லவே இல்லை.

போன மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, 1986ஆம் ஆண்டுக்கான பக்கம் கைக்கு வந்தது. யாரோ பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மூன்றே வசனம். அறுவடை விழா அன்று பிற்பகல் ஊர் மண்டபம் எரிந்து போயிற்று. காரணம் தெளிவாகவில்லை. அகதி விடுதியில் இருந்த ஒருவர்மீது சந்தேகம் இருந்தது.

உன் பெயர் இல்லை. என்றாலும் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, செல்வம். என்னோடு நெருப்புக்குள் போய் வந்தவர்கள். ஆனால் அந்த வசனம் ஊருக்குள் முப்பத்தெட்டு வருசம் அசையாமல் கிடந்திருக்கிறது. நானும் அதைச் சுற்றித்தான் நடந்து திரிந்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியாது, இந்த வசனம் புத்தகத்தில் வர ஏலாது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உண்மையைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று ஒருவர் சொன்னார், கோபமாக இல்லை, நியாயமாகத்தான். றோஸ்விதா அடுத்த நாளே ஆவணக்காப்பகத்துக்கு அன்றாக், கோப்பைப் பார்க்கும் விண்ணப்பம், எழுதிப் போட்டாள். மே மாதம் வரச்சொல்லி டெர்மின் தந்து நாள் குறித்தார்கள். நானும் அவளும் பஸ்ஸில் போனோம்.

மெல்லிய ஒரு கோப்புத்தான். முதலில் இருந்தது நிபுணரின் அறிக்கை. மேடைக்கு மேலே கூரைக்குள் போன மின்கம்பி பழுதாகி, பலகைக்குள் புகைந்து புகைந்து பற்றியிருக்கிறது. ஆள் வைத்த நெருப்பு அல்ல என்று ஒரு தனி வரியாகவே எழுதியிருக்கிறார்கள். திகதி 22.01.1987. நீ டிசம்பரிலேயே லண்டனுக்கு உன் அக்காவிடம் போய்விட்டாய். விசாரணை முடிந்தது, உன்மீது ஒரு குற்றமும் இல்லை என்று உனக்கு எழுதிய கடிதமும் அதே கோப்பில் இருந்தது. திரும்பி வந்த கடிதம். உறையின்மேல் நீலப் பேனையால் இந்த முகவரியில் இல்லை என்று எழுதியிருந்தது.

றோஸ்விதா அந்த உறையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, இது என்னுடைய கையெழுத்து என்றாள். செல்வம், உன் லண்டன் முகவரி அப்போது என்னிடம் இருந்தது. அவள் வந்து என்னைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். மழை நாளாக இருந்திருக்கும், படியேறாமல் போயிருப்பேன் என்று அவள் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அதற்குக் கீழேதான் என்னுடைய விசயம் இருந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் வாக்குமூலம். தானும் தம்பியும் மேடைக்குக் கீழே ஒளித்து விளையாடினார்கள், புகை வந்தது, பின்கதவு திறக்கவில்லை, வெளியே நின்ற ஒரு கறுத்த மாமா கதவை இழுத்துத் திறந்து தங்களை வெளியே தள்ளிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்த தாள் உன்னுடைய வாக்குமூலம். அந்த நேரத்தில் மண்டபத்துப் பக்கம் போகவே இல்லை என்று இருக்கிறது. கீழே மொழிபெயர்த்தவர் என்று என் கையெழுத்து. பொலிஸ்காரர் ஓரத்தில் குறித்திருக்கிறார்: ஒரு சாட்சி இவர் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து வந்ததைக் கண்டிருக்கிறார், இவரோ மறுக்கிறார், பிள்ளை ஆளை மாறிச் சொல்லுகிறது போலும்.

செல்வம், நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “பிள்ளையள் ரண்டு பேர் உள்ளுக்கை நிண்டவை. கதவு இறுகிக் கிடந்தது. நான்தான் இழுத்துத் திறந்துவிட்டனான்” என்றாய். பங்குச் சாமியிடம் ஆறு மாதம் படித்த டொச் பாஷை எனக்கு. அதைச் சொல்லுமளவுக்கு எனக்குச் சொற்கள் இருந்தன. சொல்லத் தெரியாமல் நான் விடவில்லை. நீ மண்டபத்தடியில் நின்றாய் என்று என் வாயால் வந்தால் அந்த நிமிடமே உன்னைக் கொண்டுபோய்விடுவார்கள், எங்கள் பன்னிரண்டு பேரையும் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்தேன். அவர் அங்கே போகவில்லை என்று சொன்னேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்த ஒரு பொய்தான் உன்னைப் பொய்யனாக்கியது, அந்தப் பிள்ளையையும் பொய்க்காரியாக்கியது.

பொலிஸ் போனபிறகு நீ என்னைக் கேட்டாய்: “நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியோ?” நான் சொன்னேன்: “ஓம் மச்சான்.”

பிறகு நீ போய்விட்டாய். நான் இங்கேயே பேக்கரியில் வேலை எடுத்து, பிளோறன்ஸைக் கட்டி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். பேக்கரியில் யாராவது பழைய மண்டபத்தைப்பற்றிக் கதைத்தால் நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஆவணக்காப்பகத்திலிருந்து வந்த அன்று பின்னேரம் பிளோறன்ஸுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திநாலு வருசமாக அவளுக்கும் சொல்லாத விசயம். அவள் ஏசவில்லை. “செல்வம் அண்ணைக்குச் சொல்லிப்போட்டியளோ?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்? சொல்லவேண்டிய ஆள் நானில்லையே” என்றாள். அவள் சொன்னது சரி. இருந்தும் இந்தக் கடிதத்துக்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அதற்கிடையில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி கத்றீன். கிண்டர்கார்டன் நடத்துகிறவள். என் பேரனை அவள்தான் பார்க்கிறாள். நான் வாக்குமூலத்தை வாசிக்க வாசிக்க அவள் முகம் ஒருமாதிரிப் போயிற்று. அந்தப் பிள்ளை அவள்தான், செல்வம். பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். கலியாணம் கட்டிப் பெயர் மாறியதால் பிடிபடவில்லை.

ஆளை மாறிச் சொல்லுகிறாய் என்று பொலிஸும் தாயும் அவளுக்குச் சொல்லிச் சொல்லி, அப்படி ஒருவர் வரவே இல்லை, புகையில் தனக்குத் தோன்றியது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளாம். தம்பிக்கு அப்போது நாலு வயது, அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் முன்னால் அழுதாள். பிறகு சிரித்தாள். அவர் உண்மையான ஆள்தானே, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று என்னைக் கேட்டாள். இருக்கிறார், இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் தபாற்கடை வைத்திருக்கிறார் என்று சொன்னதும் அந்த நிலையத்தில் இருந்த எல்லாரும் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

இப்போது அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். நெருப்பின் காரணம், நீ செய்தது, திரும்பிப் போன கடிதம், நான் மாற்றிச் சொன்னது, நாலும் இருக்கிறது. என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். உன் பெயரைப் போடலாமா என்பதை நீதான் சொல்லவேண்டும். நீ வேண்டாம் என்றால் வராது. செப்டம்பர் பத்தாம் திகதி அச்சுக்குப் போகிறது.

விழாவுக்கு உன்னை அழைக்கும்படி கத்றீனும் றோஸ்விதாவும் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பு அவர்களுடையது. வா என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. பிளோறன்ஸ் மேல் அறையைக் கூட்டித் துடைத்து வைத்துவிட்டாள் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

எப்படியாவது ஒரு பதில் எழுது. ஏசி எழுதினாலும் பரவாயில்லை, எழுது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
பேனாட்


நோஃபோக், இங்கிலாந்து.
29.08.2024

என் பேனாட்டுக்கு செல்வம் எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கடை மேசைக்குப் பின்னால் நின்றபடியே வாசித்தேன். முத்திரை வாங்க வந்த கிழவி ஒருத்தி, கெட்ட செய்தியா என்று கேட்டாள். இல்லை, என்னுடைய சிநேகிதன் எழுதியிருக்கிறான் என்றேன். பிளோறன்ஸின் முழங்காலுக்கு நிருபமா நேர்ந்துகொண்டிருந்தாள். அது சரிவந்ததில் அவளுக்குச் சந்தோசம்.

முதலில் நீ பயப்படுகிற விசயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த டொச் நாலு சொல். அதில் ஒன்று நைன், இல்லை என்கிற சொல். நான் இவ்வளவு நீளமாகச் சொல்ல, நீ நைன் என்று தொடங்கி ஒரே வசனத்தில் முடித்தாய். அதைப் பிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உன்னைக் கேட்டேன், ஓம் மச்சான் என்றாய். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நானும் பொய் சொன்னவனாவேன். லண்டனில் முதல் நாலைந்து வருசம் உன் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவேன். பிறகு ஒருநாள் என்னையும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த ஒரு பெடியன், விசா விசாரணை. இயக்கத்துக்குச் சோறு கொடுத்தனாங்கள் என்று அவன் சொன்னான். என் வாய் தன்பாட்டில், அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொன்னதில்லை. பயம் தானாகவே ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்துத் தந்தது. வெளியே வந்து படியில் குந்தியிருந்து உன்னை நினைத்தேன். அந்த வருசம்தான் உனக்கு முதன்முதலாகப் புதுவருசத்துக்குத் தொலைபேசி அடித்தது. நான் ஏன் அடித்தேன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் பிழை. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ இவ்வளவு காலம் இதைச் சுமந்திருக்க மாட்டாய்.

எனக்குத் தெரியாமல் இருந்தது அந்த மற்ற விசயம்தான். என்மீது குற்றமில்லை என்று ஒரு தாள் இருக்கிறது என்பது. முப்பத்தெட்டு வருசமாக எந்த விமான நிலையத்திலும் ஜேர்மன் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தால் எனக்கு வேர்க்கும். என் மகள் தேனுஜா பேர்லினுக்குப் படிக்கப் போகவா என்று கேட்டபோது, காரணம் சொல்லாமல் மறித்தேன். நேற்று அவளுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “அப்பா, இதுக்கோ என்னை விடேல்லை?” என்று கேட்டாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். எனக்கு உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது, பேனாட். றோஸ்விதாவுக்குச் சொல், அந்த உறையை நினைத்து வருந்தவேண்டாம். இருபத்தாறு வருசம் தபாற்கடை நடத்துகிறவன் சொல்லுகிறேன், மழை நாளில் நானும் அப்படி எத்தனையோ உறைகளில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஊர்ச்சரித்திரம் போல இங்கேயும் ஒன்று இருக்கிறது. முந்நூறு பேர் இருக்கிற ஊருக்கு நாலு குறிப்பேடு. எல்லாவற்றிலும் பெருவெள்ளமும் பாதிரிமாரின் சண்டையும்தான். வட்டக் கோபுரம் உள்ள வேதக் கோவிலில் ஆறு மணிகள் தொங்குகின்றன. இழுக்க ஆள் போதாது என்று பன்னிரண்டு வருசத்துக்கு முன் என்னைக் கேட்டார்கள். நான் சைவக்காரன் என்றேன். கயிற்றுக்கு அது தெரியாது என்றார்கள். இப்போது மூன்றாம் மணி என்னுடையது. புதன்கிழமை பின்னேரங்களில் இழுத்துப் பழகுவோம். குறிப்பேட்டில் என் பெயரும் ஏறிவிட்டது, எழுத்துப் பிழையோடு.

அதனால் உங்கள் புத்தகத்தில் என் பெயரைச் சரியாகப் போடு. முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. ஆனால் வீரன், தியாகி என்று ஒன்றும் எழுதவிடாதே. நான் மண்டபத்துக்குப் பின்னால் போனது மூத்திரம் பெய்ய. விழாவில் வரிசை நீளமாக நின்றது. கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது, இழுத்தேன், திறந்தது, இரண்டு பிள்ளைகள் வந்து என் காலில் விழுந்தார்கள். இரண்டு நிமிட வேலை. அந்தப் பிள்ளை உயிரோடு வளர்ந்து, இப்போது ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்க்கிறாள் என்று நீ எழுதினாயே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

நாங்கள் வருகிறோம். நானும் நிருபமாவும் ஒக்டோபர் நாலாம் திகதி பின்னேரம் டுசெல்டோர்ஃப் வந்து இறங்குகிறோம். கடையை மணியிழுக்கிற கூட்டாளி ஒருவர் பார்ப்பார். நிருபமா வெள்ளியும் செவ்வாயும் மரக்கறிதான் என்பதை பிளோறன்ஸுக்குச் சொல்லிவிடு. என்னை மேடையில் ஏற்றவேண்டாம். கத்றீனோடு கொஞ்சநேரம் இருந்து கதைக்க விரும்புகிறேன். எனக்கு அந்த நாலு சொல்லும் இப்போது மறந்துபோயிற்று. அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அது எனக்குத் தெரியும். என்றாலும் நான் தமிழில்தான் கதைப்பேன். நீதான் பக்கத்தில் இருந்து டொச்சில் சொல்லவேண்டும்.

வயது போகிறது, இரண்டு பேருக்கும். பிரசரைக் கவனி. பாண் சுட்ட கையால் தோட்டத்தைக் கொத்துகிறாயாம், இடுப்பையும் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றிலிருந்து நன்றாக நித்திரை கொள்ளு, மச்சான்.

என்றும் உன்,
செல்வம்